அடிமைத் தாயின் மகன் அதிபரான வரலாறு: பாட்ரிக் ஹீலி அடிகளார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரமாம் வாஷிங்டன் மாநகரில், பொட்டோமாக் ஆற்றின் கரைமேட்டில், சாம்பல் நிறக் கற்களால் எழுப்பப்பட்ட பெருமண்டபம் ஒன்று நிற்கின்றது. அதன் கோபுரம் ஏறத்தாழ 200 அடி உயரமுடையது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாகிய அதற்கு ஹீலி மண்டபம் என்று பெயர். அதைக் கட்டியவர் அப்பல்கலைக்கழகத்தின் அதிபராக விளங்கிய பாட்ரிக் பிரான்சிஸ் ஹீலி அடிகளார். அவர் பிறந்த நாளில், பிறந்த மாநிலத்தின் சட்டம் அவரை ஒரு குடிமகனாகக் கருதவில்லை. விற்கவும் வாங்கவும் தக்க உடைமையாகவே கணக்கில் எழுதியது.

இம்மலரில் கல்வியால் உயர்ந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, எவரை எடுத்துக்கொள்வது என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். அண்ணல் அம்பேத்கர் வரலாறும், ரெட்டைமலை சீனிவாசனார் வரலாறும் நம் இல்லங்களில் பலமுறை படிக்கப்பட்டவை. நம் பிள்ளைகள் அவற்றை மேடையிலேயே ஒப்புவிப்பர். அவ்வாறு ஒப்புவிக்க இயலாத ஒரு வரலாற்றை, படித்து முடித்தபின் நெஞ்சில் ஒரு முள்ளைப்போல் தங்கிவிடும் ஒரு வரலாற்றைத் தருவதே இம்முறை நம் எண்ணம். ஹீலி அடிகளாரின் வாழ்க்கை அத்தகையது. அவர் வெற்றி பெற்றவர். ஆனால் அவ்வெற்றிக்கு அவர் கொடுத்த விலை எளிதில் எண்ணிச் சொல்லத் தக்கதன்று.

பாட்ரிக் 1834ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில், மேக்கன் நகருக்கு அண்மையில் உள்ள ஜோன்ஸ் மாவட்டத்துப் பருத்திப் பண்ணை ஒன்றில் பிறந்தார். தந்தை மைக்கேல் மாரிஸ் ஹீலி அயர்லாந்து நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். குலுக்கல் முறையில் அரசு வழங்கிய நிலத்தில் தொடங்கி, ஒக்மல்கி ஆற்றோரம் 1,500 ஏக்கருக்கு மேல் நிலமும் ஏறத்தாழ ஐம்பது அடிமைகளும் உடைய பெரும் பண்ணைக்காரராக வளர்ந்தவர். தாய் மேரி எலைசா கலப்பினத்தில் பிறந்த அடிமைப் பெண். மைக்கேல் அவரோடு மனைவியாகவே வாழ்ந்தார். வேறு பெண்ணை மணக்கவுமில்லை. ஆயினும் வெள்ளையர் ஒருவர் கறுப்பினப் பெண்ணை மணப்பதை ஜார்ஜியாவின் சட்டம் ஏற்கவில்லை.

அந்தச் சட்டத்தின் கொடுமையை நம் இளைஞர்கள் சற்று நுணுகிப் பார்க்கவேண்டும். தாயின் நிலை எதுவோ, அதுவே பிள்ளையின் நிலை. தந்தை எத்துணைச் செல்வராயினும், தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தந்தையே விரும்பினாலும் தன் மகனை விடுதலை செய்ய இயலாது. அதற்கு மாநிலச் சட்டமன்றமே தனிச் சட்டம் இயற்றவேண்டும். அடிமைக்கு எழுத்தறிவிப்பதும் குற்றம். ஆகவே, மைக்கேல் ஹீலி தன் வீட்டுத் திண்ணையில் தன் மகனை மடியில் வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால், அவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆகியிருப்பார். பிறப்பைக் கொண்டு மனிதனைத் தரம் பிரித்து, அத்தரத்தைக் காக்க எழுத்தை மறுப்பது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய கொடுமையன்று என்பதை நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

மைக்கேல் ஹீலி செய்தது ஒன்றே. பிள்ளைகள் வளர வளர, ஒருவர்பின் ஒருவராக அவர்களை வடக்கே அனுப்பினார். மூத்தவர் ஜேம்ஸ், அடுத்தவர் ஹியூ, பின்னர் பாட்ரிக் ஆகியோர் நியூயார்க்கை அடுத்த ஃபிளஷிங்கில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில் சேர்க்கப்பட்டனர். குவேக்கர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள். ஆயினும் அடிமைகளை வைத்திருக்கும் ஒரு பண்ணைக்காரரின் பிள்ளைகள், அதுவும் அடிமைத் தாயின் பிள்ளைகள், அங்கு எளிதில் பொருந்தி இருந்திருக்க முடியாது. 1844இல் மைக்கேல் பயணம் செய்த கப்பலில், பாஸ்டன் மறைமாவட்டத்தின் துணை ஆயர் ஜான் ஃபிட்ஸ்பாட்ரிக் உடன் பயணம் செய்தார். பேச்சுக்கிடையே, மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் இயேசு சபையார் முந்திய ஆண்டு தொடங்கியிருந்த திருச்சிலுவைக் கல்லூரியைப் பற்றி ஆயர் கூறினார். அந்த ஆண்டிலேயே ஜேம்ஸ், ஹியூ, பாட்ரிக், ஷெர்வுட் என்னும் நால்வரும் அங்கே சேர்ந்தனர். நவம்பரில் திருமுழுக்கும் பெற்றனர். பாட்ரிக்குக்கு அப்போது வயது 10.

(அதே 1844ஆம் ஆண்டில்தான் அதே இயேசு சபையார் நம் நாகப்பட்டினத்தில் புனித சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினர் என்பதும், அது 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு மாறியது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. உலகின் இரு கோடிகளில் ஒரே பாடமுறை, ஒரே இலத்தீன் இலக்கணம்.)

இனி, இக்கல்லூரிகளின் வேர் எது என்று பார்ப்போம். அது தெரியாமல் ஹீலியின் கதை விளங்காது. ஸ்பெயின் நாட்டுப் படைவீரராயிருந்து துறவியான லொயோலா இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபைக்கு 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிட்டியது. 1548இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் அச்சபையார் முதன்முதலாக வெளி மாணவர்க்குரிய ஒரு கல்லூரியைத் தொடங்கினர். 1599இல் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் ஒன்றை வகுத்தனர்: முதலில் இலக்கணம், பின்னர் இலக்கியம், பின்னர் சொற்கலை, அதன்பின் மெய்யியல். சிறுவனாகச் சேர்ந்தவன் இளைஞனாக வெளியேறும்வரை ஒரே படிக்கட்டில் ஏறுவான். இவற்றைவிட முதன்மையான விதி ஒன்றுண்டு. கல்வியை விலைக்கு விற்கலாகாது. மாணவனிடம் படிப்புக் கட்டணம் பெறலாகாது. உயர்ந்த விதி என்று நாம் கைகூப்புவோம். ஆனால் ஆசிரியர்களின் உணவுக்கும் கட்டடத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? அறக்கட்டளை நிலங்களிலிருந்து வரவேண்டும்.

மேரிலாந்தில் அந்த நிலங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். 1789இல் ஜான் கேரல் நிறுவிய ஜார்ஜ்டவுன் கல்லூரி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கத்தோலிக்க உயர்கல்வி நிலையங்களுள் முதலாவது. 1815இல் பட்டம் வழங்கும் உரிமையை நாட்டுச் சட்டமன்றத்திடமிருந்து பெற்றது. பிள்ளைகளிடம் படிப்புக் கட்டணம் வாங்காத பெருமையுடைய அக்கல்லூரிக்கு, புகையிலைத் தோட்டங்களில் கூலியின்றி உழைத்தோரின் வியர்வை துணைநின்றது. கட்டணம் வாங்கலாம் என்று உரோமை 1833இல்தான் விலக்களித்தது. அதற்குள் தோட்டங்கள் நொடித்திருந்தன. கல்லூரி கடனில் மூழ்கியிருந்தது. 1838இல், முன்னர் ஜார்ஜ்டவுன் அதிபராயிருந்து அப்போது மேரிலாந்துச் சபைத் தலைவராயிருந்த தாமஸ் மல்லெடி, ஆடவர், பெண்டிர், குழந்தைகள் என 272 பேரை லூயிசியானாவின் தோட்டக்காரர்க்கு 1,15,000 டாலருக்கு விற்றார். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, அவர்தம் சமய வாழ்வுக்கு வழி வேண்டும், பணத்தைக் கடனடைக்கச் செலவிடலாகாது என்று உரோமையிலிருந்த சபைத் தலைவர் விதித்த கட்டளைகள் காக்கப்படவில்லை. முதல் தவணைப் பணத்தின் பெரும்பகுதி கல்லூரியின் கட்டடக் கடனுக்கே சென்றது.

அந்த மல்லெடிதான் 1843இல் திருச்சிலுவைக் கல்லூரியின் முதல் அதிபராக அமர்ந்தவர். 272 அடிமைகளை விற்றவர் தலைமை தாங்கிய கல்லூரியில், அவர் விற்ற ஆறாண்டுகளுக்குப் பின், சட்டப்படி அடிமைகளான நான்கு சிறுவர்கள் மாணவராய் நுழைந்தனர்! அதே சபை ஒரு கையால் விற்றது, மறுகையால் எழுத்தறிவித்தது. எந்தக் கையை நினைவில் வைப்பது என்று எம்மைக் கேட்டால், இரண்டையும்தான் என்போம்.

வூஸ்டரில் பாட்ரிக்குக் கிடைத்த கல்வி முழுமையானது. ஜார்ஜ் ஃபென்விக் என்னும் அடிகளார் அச்சகோதரர்களைத் தந்தைபோல் பேணினார். 1849இல் வெளியேறிய முதல் பட்டதாரி வகுப்பில் ஜேம்ஸ் முதல்வராகத் தேறினார். 1850இல் பாட்ரிக் தேறினார். கத்தோலிக்கரின்மீது காழ்ப்புக்கொண்ட மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அக்கல்லூரிக்குப் பட்டமளிக்கும் உரிமையை 1865வரை மறுத்துவந்தது. ஆகவே தொடக்க காலப் பட்டங்களை ஜார்ஜ்டவுன் கல்லூரியே வழங்கிற்று. தாம் பிற்காலத்தில் ஆளவிருந்த கல்லூரியோடு பாட்ரிக்குக்கு ஏற்பட்ட முதல் உறவு இதுவே.

1850ஆம் ஆண்டு அக்குடும்பத்துக்கு இருண்ட ஆண்டு. சில திங்கள் இடைவெளியில் தாயும் தந்தையும் இறந்தனர். இளைய பிள்ளைகள் இன்னும் பண்ணையில் இருந்தனர். தந்தை இல்லாத நிலையில் அவர்களும் அடிமைகளாகவே கருதப்படத் தக்கவர்கள். அவ்வாண்டில்தான் தப்பியோடிய அடிமைகளை வடக்கிலும் பிடித்து மீட்கும் கொடுஞ்சட்டம் நாடெங்கும் இயற்றப்பட்டது. அந்நிலையில் ஹியூ தெற்கே சென்றார். பிடிபட்டால் அவரே விலைப்பொருள். எனினும் சென்று, தம்பி தங்கையரைப் பத்திரமாக வடக்கே கொண்டுவந்து சேர்த்தார். ஹியூவின் பெயரில் மண்டபம் எதுவும் எழவில்லை, கப்பலும் மிதக்கவில்லை. 1853இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, காய்ச்சலுக்குப் பலியானார். இக்குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர் அவரை இரண்டு வரியில் கடந்துவிடுவது நமக்கு வருத்தம் தருகின்றது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தந்தை விட்டுச்சென்ற சொத்தில் அடிமைகளும் இருந்தனர். அவர்களைக் கூலிக்கு விட்டும், பின்னர் விற்றும் பெற்ற பணம் அப்பிள்ளைகளின் பங்கில் சேர்ந்தது. தாயின் இனத்தாரை விற்ற பணத்தில் தாயின் மக்கள் படித்தனர். இதை அவர்கள் தம்முள் எவ்வாறு தாங்கினர் என்பதை வரலாறு நமக்குக் காட்டவில்லை.

பாட்ரிக் 1850இல் மேரிலாந்தின் ஃபிரெடரிக் நகரில் இயேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார். மேரிலாந்து அப்போது அடிமை மாநிலம் என்பதை நினைவில் கொள்க. துறவு மடத்தின் சுவருக்குள் அவர் சகோதரர். வெளியே தெருவில் எவரேனும் அவர் பிறப்பை நிறுவியிருந்தால் உடைமை. பின்னர் பிலடெல்பியாவிலும், தாம் பயின்ற திருச்சிலுவைக் கல்லூரியிலும் ஆசிரியரானார். அங்குதான் அவர் நெஞ்சு முதன்முதலாகப் பலமாகக் காயப்பட்டது. அங்கிருந்த மாணவர் சிலர் அவர் சகோதரர்களை நேரில் கண்டவர்கள். சிலர் கேள்வியால் அறிந்தவர்கள். ஆசிரியர் பாடம் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அவர் பிறப்பைப் பற்றிய முணுமுணுப்புகள் எழுந்தன. அந்த வேதனையை அவர் ஃபென்விக் அடிகளாருக்குக் கடிதமாக எழுதினார். அவர் தம் பிறப்பைப் பற்றிய துயரை வெளியிட்ட மிகச் சில எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அதன்பின் அவர் பெரும்பாலும் மௌனம் காத்தார்.

1858இல் மேற்படிப்புக்காக ஐரோப்பா அனுப்பப்பட்டார். பெல்ஜியம் நாட்டின் லூவேன் நகரில் மெய்யியலும் இறையியலும் பயின்றார். 1864 செப்டம்பர் 3ஆம் நாள் லியேஜ் நகரில் குருப்பட்டம் பெற்றார். 1865இல் லூவேனில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆப்பிரிக்க வழித்தோன்றலான அமெரிக்கர் ஒருவர் பெற்ற முதல் டாக்டர் பட்டம் இதுவே என்பர். ஆயினும் நெடுங்காலம் அப்பெருமை, 1876இல் ஏல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பட்டம் பெற்ற எட்வர்டு புஷேயின் பெயரிலேயே வழங்கிவந்தது. ஹீலி கறுப்பினத்தவர் என்பதை எவரும் அறியாதபோது, முதல் கறுப்பின டாக்டர் என்று அவரை எவர் எண்ணுவர்? கடலுக்கு அப்பால் அவர் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்தது. 1865 டிசம்பரில் அரசமைப்புத் திருத்தத்தின்வழி அடிமை முறை நாடு முழுவதும் ஒழிந்தது. அவர் குருவான பிறகே, டாக்டரான பிறகே, அவர் தாய்நாட்டுச் சட்டம் அவரை மனிதர் என ஏற்றது.

1866இல் ஜார்ஜ்டவுனுக்கு மெய்யியல் பேராசிரியராய் வந்தார். கல்லூரி நலிந்திருந்தது. 1859இல் 313 ஆக இருந்த மாணவர் தொகை, போர் தொடங்கிய 1861இல் 17 ஆகக் குறைந்து, பின்னரே மெல்ல மீண்டிருந்தது. அதன் மாணவரும் பழைய மாணவருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போரில் இறங்கினர். அவருள் பெரும்பாலோர் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னவர் பக்கமே நின்றனர். அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் ஹீலி தருக்கமும் அறநெறியும் கற்பித்தார். 1873இல் அதிபர் ஜான் எர்லி திடீரென மறையவே, ஹீலி பொறுப்பேற்றார். 1874இல் முறைப்படி அதிபராக அமர்த்தப்பட்டார். சபையின் மேலோர் அவர் பிறப்பை அறிந்திருந்தனர், அறிந்தே அமர்த்தினர். இதை அவர்களின் நற்செயலாகவே நாம் கொள்ளவேண்டும். ஆனால் அறிந்ததை அவர்கள் வெளியே சொல்லவுமில்லை.

அதிபராயிருந்த ஏறத்தாழ ஒன்பதாண்டுகளில் அவர் செய்த பணிகளைப் பார்த்தால், அவரை ஜார்ஜ்டவுனின் இரண்டாம் நிறுவனர் என்று அழைப்பது மிகையன்று என்பது விளங்கும். அதுவரை அது உண்மையில் ஒரு சிறு கல்லூரி. சட்டப் பள்ளியும் மருத்துவப் பள்ளியும் பெயரளவில் அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மருத்துவப் பள்ளி 1851இலும் சட்டப் பள்ளி 1870இலும் தோன்றியவை. ஹீலி இவற்றை ஒரு பல்கலைக்கழகத்தின் உறுப்புகளாக இறுகப் பிணைத்து, அவற்றின் பாடங்களைச் செம்மைப்படுத்தினார். 1599ஆம் ஆண்டின் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடாமல், ஆனால் அதற்குள் அடங்கியும் கிடக்காமல், வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் உரிய இடம் கொடுத்தார். இலத்தீனும் கிரேக்கமும் மட்டும் கற்ற மாணவன் புதிய உலகில் பின்தங்குவான் என்பதை அவர் லூவேனிலேயே கண்டுகொண்டிருக்கவேண்டும். மரபைப் போற்றுகிறவர்களுள் மரபை மாற்றத் துணிகிறவர் குறைவு. பழைய மாணவர் சங்கத்தையும் அவரே உருவாக்கினார். பிற்காலப் பல்கலைக்கழகங்களெல்லாம் பழைய மாணவரின் கொடையை நம்பி வாழ்வதைக் காணும்போது, அவருடைய முன்னறிவு நமக்குப் புலனாகின்றது.

மண்டபத்தின் கதைக்கு வருவோம். 1877இல் கட்டத் தொடங்கினர். நாட்டுச் சட்டமன்ற நூலகத்தைப் பின்னர் வடிவமைத்த ஸ்மித்மேயர், பெல்ட்ஸ் என்னும் சிற்பிகள் இருவரே இதற்கும் வரைபடம் தந்தனர். பழைய கட்டடங்கள் ஆற்றை நோக்கி நின்றன; புதிய மண்டபத்தையோ ஹீலி நகரை நோக்கி நிறுத்தினார். செலவு நான்கு இலட்சம் டாலரைத் தாண்டியது. பணம் இல்லை. ஆகவே அதிபரே பிச்சைப் பாத்திரம் ஏந்தினார் என்று சொல்லவேண்டும். கண்டத்தின் மறுகோடியாகிய கலிபோர்னியாவரை சென்று, பழைய மாணவர்களையும் செல்வர்களையும் வீடுவீடாகக் கண்டார். கேட்டதில் சிறுபகுதியே கிட்டியது. 1879இல் வெளிச்சுவர்கள் நிறைவெய்தின. உள்வேலைகளோ அவர் பதவி விலகிய பின்னும் நெடுநாள் நீடித்தன. உள்ளே இருக்கும் பெரிய அரங்கு 1901 அளவில்தான் முடிவுற்றது. கடன் அவர் தலைமேல் நின்றது. ஒரு சங்கக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டுக் கதவுக்கும் சன்னலுக்கும் பணமின்றி வீதிவீதியாய் இரசீதுப் புத்தகத்தோடு அலைந்த அனுபவமுடைய நம் உறுப்பினர்களுக்கு அந்த அலைச்சலின் சுவை நன்கு தெரியும்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டியுள்ளது. இத்தனையும் செய்த மனிதர் எவர் என்று வாஷிங்டன் அறிந்திருந்ததா? இல்லை. வெளுத்த நிறம், ஐரிஷ் பெயர், ஐரோப்பியக் கல்வி, கத்தோலிக்கக் குருவின் அங்கி. இவை நான்கும் சேர்ந்து அவரை ஐரிஷ் அமெரிக்கர் என்றே உலகுக்குக் காட்டின. அவரும் மறுக்கவில்லை. அதே நகரில், சில கல் தொலைவில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்காக 1867இல் ஹோவர்டு பல்கலைக்கழகம் தோன்றி வளர்ந்துகொண்டிருந்தது. அம்மக்களுக்காக அதிபர் ஹீலி வெளிப்பட வாய் திறக்கவில்லை. தம் கல்லூரியின் கதவையும் அவர்களுக்குத் திறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நெருங்கும்வரை அக்கதவு மூடியே கிடந்தது.

அவர் மட்டுமல்லர், அக்குடும்பமே அவ்வாறு வாழ்ந்தது. ஜேம்ஸ் 1875இல் மேய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டு மறைமாவட்டத்துக்கு ஆயரானார். கறுப்பினக் கத்தோலிக்கரின் மாநாட்டில் பேச அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார். மைக்கேல் என்னும் தம்பி அரசின் சுங்கக் கப்பற்படைத் தளபதியாய் அலாஸ்காவின் பனிக்கடலில் பெரும்புகழ் பெற்றார். எலைசா என்னும் தங்கை கன்னியர் மடத்துத் தலைவியானார். ஷெர்வுட் ஒருவருக்கே முகம் தடையாயிற்று. உரோமையில் அமெரிக்க மாணவர்க்கென அமைந்த குருமடத்தின் தலைமைக்கு 1859இல் அவர் பெயர் எழுந்தபோது, ஆப்பிரிக்க இரத்தம் அவர் தோற்றத்தில் புலப்படுகின்றது என்பதைக் காட்டி ஆயர் ஃபிட்ஸ்பாட்ரிக் தயங்கினார். கப்பலில் அத்தந்தைக்கு வழிகாட்டிய அதே ஆயர்தாம்! தகுதியில் குறை காணாதவர்கள் நிறத்தில் குறை கண்டார்கள்.

மறைக்க இயலாதவரின் கதை வேறு. மிசௌரியில் அடிமையாய்ப் பிறந்த அகஸ்டஸ் டோல்டன் கருநிறத்தவர். அவரைச் சேர்த்துக்கொள்ள அமெரிக்காவில் ஒரு குருமடமும் முன்வரவில்லை. உரோமைக்குச் சென்று படித்து 1886இல் குருவானார். தம் மக்களிடையே, தம் மக்களாகவே உழைத்து, 1897இல் வெயில் தாக்கி, நாற்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். ஹீலி பெற்ற பதவிகளில் ஒன்றும் டோல்டனுக்குக் கிட்டவில்லை. டோல்டன் பெற்ற மக்கள் அன்பு ஹீலிக்குக் கிட்டவில்லை. இவ்விருவரில் எவர் பெரியவர் என்று நம் இளைஞர்கள் பட்டிமன்றம் வைக்கலாம். நாம் தீர்ப்புச் சொல்ல முன்வரமாட்டோம். ஏனெனில், நகரத்தில் வாடகை வீடு தேடும்போது, ஊர் எது என்று கேட்டவர் அடுத்து எந்தத் தெரு என்று கேட்க, பதிலை விழுங்கிக்கொண்ட அனுபவம் நம்முள் பலருக்கும் உண்டு. அலுவலகத்தில் ஒரு பெயரும் ஊரில் ஒரு பெயருமாய் வாழ்ந்து ஓய்வுபெற்ற பெரியவர்களும் நம்மிடையே இருந்தனர். அவர்களைக் கோழைகள் என்று எளிதில் சொல்லிவிட நமக்கு நா எழவில்லை. மறைத்தவரைக் குற்றவாளியாக்கி, மறைக்கச் செய்தவரை விட்டுவிடுவது நேர்மையாகாது. எனினும், திறந்த கதவின் வழியே உள்ளே நுழைந்தவர் அதைத் திரும்பச் சாத்தியே வைத்திருந்தார் என்ற உண்மையும் நம்மை உறுத்தாமல் இல்லை.

அதிபர் பணியின் சுமையும் காக்கை வலிப்பு நோயும் சேர்ந்து அவர் உடலைக் குலைத்தன. 1882 பிப்ரவரியில், 48 வயது நிறையும் முன்னரே, பதவி விலகினார். அதன்பின் தமையனார் ஜேம்ஸுடன் பயணங்களிலும், ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ், நியூயார்க் ஆகிய இடங்களின் கோயில்களில் சிறுபணிகளிலுமாக ஆண்டுகள் கழிந்தன. 1908இல் ஜார்ஜ்டவுனுக்கே நோயாளியாய்த் திரும்பி வந்தார். 1910 ஜனவரி 10ஆம் நாள் அங்கே காலமானார். வளாகத்துக்குள்ளேயே உள்ள சபையின் கல்லறைத் தோட்டத்தில், மற்ற துறவியர்க்குரிய எளிய கல்லொன்றின்கீழ் அடக்கம் செய்யப்பட்டார். அன்றும் உலகம் அவரை ஐரிஷ்காரர் என்றே எண்ணி வழியனுப்பியது.

உண்மை வெளிவந்தது பிற்காலத்தில். அலபாமா மாநிலத்தில் அதே இயேசு சபையார் நடத்தும் ஸ்பிரிங் ஹில் கல்லூரியின் பேராசிரியர் ஆல்பர்ட் ஃபோலி அடிகளார், பழைய ஏடுகளைத் துருவி, 1954இல் ஆயர் ஜேம்ஸின் வரலாற்றை நூலாக்கினார். ஸ்பிரிங் ஹில் கல்லூரி கறுப்பின மாணவர்க்குக் கதவைத் திறந்ததும் அதே ஆண்டில்தான். பாட்ரிக்கைப் பற்றிய அவரது நூல் 1989இல் வெளிவந்தது. இவ்விரு நூல்களின் தலைப்பிலும் அவர் கையாண்ட சொல், புறச்சாதியார் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். தம் நாட்டின் கொடுமையைச் சொல்ல அவருக்கு வேறு சொல் அகப்படவில்லை போலும். நம் நாட்டைக் குறிக்கப் பிறந்த சொல்லையே எடுத்துக்கொண்டார். அச்சொல்லைக் கண்டுதான், மெய்யாகவே, நாம் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

ஜார்ஜ்டவுன் தன் பழைய கணக்கை எடுத்துப் பார்க்க இன்னும் பல்லாண்டுகள் ஆயின. 2015இல் மாணவர்கள் வெளியமர்ந்து போராடினர்; மல்லெடியின் பெயர் தாங்கிய கட்டடத்திலிருந்து அப்பெயர் நீக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் பல்கலைக்கழகமும் இயேசு சபையும், விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களை அழைத்து, அவர்கள்முன் மன்னிப்புக் கேட்டன. அவ்வழித்தோன்றல்களுக்கு மாணவர் சேர்க்கையில் சலுகையும் அறிவிக்கப்பட்டது. 2021இல், அவர்தம் கல்விக்கும் நல்வாழ்வுக்கும் என்று 10 கோடி டாலர் திரட்டித் தருவதாக அமெரிக்க இயேசு சபையார் உறுதி கூறினர். மல்லெடியின் பெயரை இழந்த கட்டடத்துக்கு ஐசக் ஹாக்கின்ஸ் மண்டபம் என்று பெயரிடப்பட்டது. 1838ஆம் ஆண்டு விற்பனைப் பத்திரத்தில் எழுதப்பட்ட முதல் பெயர் அது. எழுத்தை மறுக்கப்பட்ட அந்த முதியவரின் பெயர், ஹீலி அடிகளார் நகரை நோக்கி நிறுத்திய கோபுரத்தின் கீழ், அதே வளாகத்தில், கல்லில் எழுதப்பட்டுள்ளது.